மீன் மணம் நீக்கப்பட்ட வியட்நாம்

மும்பையில் வியட்நாம் உணவு பரவிவருகிறது என்று மகிழ்வோரிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: எந்த வியட்நாமின் உணவு? கடந்த சில ஆண்டுகளாக ‘வீட்டிலேயே வியட்நாம் சமையல்’ என்னும் தலைப்பில் நம்மவர் வெளியிடும் காணொளிகளையும் குறிப்புகளையும் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இலேசானது, எண்ணெய் குறைந்தது, பச்சிலை மிகுந்தது, ‘தூய்மையானது’ என்று அவை ஒரே குரலில் புகழ்கின்றன. பின்னர், பொருட்பட்டியலின் இறுதியில், ஏதோ சிறு விவரம்போல ஒரு வரி வரும்: மீன் சாஸ் வாடை பிடிக்காதவர்கள் சோயா சாஸ் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியைப் பற்றியே இப்பதிவு.

மீன் சாஸ் அந்தச் சமையலில் விருப்பத் துணைப்பொருள் அன்று. நமக்குப் புளியும் உப்பும் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. ‘நுவொக் மாம்’ என்பது அதன் பெயர். நுவொக் என்றால் நீர். மாம் என்றால் உப்பிட்டு நொதிக்கவைத்த மீன். (முதற்சொல்லின் உயிரோசை நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது, ஆங்கிலேயர் திணறும் இடத்தில் ‘நாக்கு’ என்று சொல்லத் தெரிந்த எவரும் திணற வேண்டியதில்லை.) ஃபூ குவொக் தீவில் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்னும் கணக்கில் பெரிய மரத்தொட்டிகளில் அடுக்கி, ஏறத்தாழ 12 மாதங்கள் விட்டுவைத்து, அடியில் வடியும் செந்நிறச் சாற்றை எடுக்கிறார்கள். 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தீவின் பெயரையே இப்பொருளுக்குரிய புவிசார் பெயராகப் பதிவுசெய்து காத்தது. ஷாம்பெயின் மதுவுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு.

அந்தத் தொட்டியில் கிடக்கும் மீன் எது? நெத்திலி.

இங்கேதான் என் சினம் தொடங்குகிறது. தாராவியின் தமிழ்க் கடைகளில் சாக்கு விரித்துக் குவித்து வைத்திருப்பதும் அதே நெத்திலிதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்நகருக்கு வந்து, தோல் பதனிட்டும் சுமை தூக்கியும் இட்லி அவித்தும் வாழ்ந்த மக்களின் குழம்பில் கொதிப்பது அது. அவர்களுக்கும் முன்பே அங்கிருந்த தாராவி கோலிவாடாவின் கோளி மீனவர்கள் சுக்கட், ஜவ்ளா, பொம்பில் என்று உலர்த்தி உண்பதும் அதைப் போன்ற கருவாடுதான். மாம் என்பது உப்பிட்ட மீன் கரையும்வரை காத்திருப்பது. கருவாடு என்பது உப்பிட்ட மீன் காயும்வரை காத்திருப்பது. வேறுபாடு அவ்வளவே.

ஆனால் செம்பூரில் வாடகைக்கு வீடு தேடியபோது தரகர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி வருமானத்தைப் பற்றியது அன்று. ‘மீன் சமைப்பீர்களா?’ என்பதே. ஒரு குடியிருப்பில், மீன் ‘எப்போதாவது’ என்றால் பரவாயில்லை, ‘அந்த உலர்ந்தது’ மட்டும் கூடாது என்று செயலாளர் நயமாகத் தெரிவித்தார். எந்தக் குடியிருப்பு என்பது இங்கே தேவையில்லை. மும்பையில் வீடு தேடிய எவரும் அந்த உரையாடலை அறிவார். அதே மாடிப்படிகளில் வார இறுதியில் வியட்நாம் உணவுப் பொட்டலங்கள் ஏறிப் போகின்றன. புட்டியில் அடைத்து, அயல்மொழிப் பெயர் ஒட்டி, நானூறு ரூபாய்க்கு விற்றால் நெத்திலி பண்பாடு ஆகிறது. சாக்கில் குவித்துக் கால் கிலோ நிறுத்துக் கொடுத்தால் அது நாற்றம் ஆகிறது.

‘நாற்றம்’ என்னும் சொல்லைப் பற்றி, மொழியியல் படித்த பாவத்துக்காகச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். பழந்தமிழில் அது வெறும் மணம். ஆண்டாள் திருமாலின் வெண்சங்கிடம் கற்பூரத்தைப் பற்றிக் கேட்கையில் ‘நாறு’ என்னும் வினையையே ஆள்கிறாள். பொருள் பின்னர் இழிந்தது. மொழிகளில் இது இயல்பாக நிகழும் மாற்றம்தான். ஆயினும் எவருடைய மணம் முதலில் நாற்றமாயிற்று என்னும் கேள்வி மொழிக்கு வெளியே கிடக்கிறது. நற்றிணையின் 45ஆம் பாடலில் ஒரு தோழி, தேரில் வந்த செல்வர் மகனை நிறுத்திவைத்துப் பேசுகிறாள். இவள் கடல் கலங்கப் புகுந்து மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கொடி அசையும் அங்காடித்தெரு உடைய மூதூர்க்காரன். நாங்கள் சுறா அறுத்து உலர்த்திப் புள் ஓட்டுகிறோம். எங்கள்மேல் புலால் வீசுகிறது, தள்ளி நில் என்கிறாள். மணத்தைப் பற்றி முதலில் பேசுபவள் அவளே. விலகி நிற்க வேண்டியவன் அவன். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தேர்க்காரனின் வழித்தோன்றல் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகிவிட்டான். தள்ளி நிற்க வேண்டியவள் அவளாகிவிட்டாள்.

‘வாடை என்பது உடலியல் சார்ந்தது, அதில் சாதி எங்கே வந்தது?’ என்று சிலர் கேட்பார்கள். மாட்டுங்காவுக்கு வாருங்கள். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் வாழையிலைக்கும் காப்பித்தூளுக்கும் நடுவே வீசுவது பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேர்த்தண்டைக் கீறி வடித்த பால். பச்சையாக முகர்ந்தால் அழுகிய பூண்டின் வாடை. ஐரோப்பியர் அதற்குச் சாத்தானின் மலம் என்று பெயரிட்டார்கள். நம்மில் எவரேனும் பெருங்காயம் வாங்குபவருக்கு வீடு தர மறுத்ததுண்டா? மூக்கு பழகிக்கொள்ளும் உறுப்பு. எதற்குப் பழக வேண்டும், எதற்குப் பழகக் கூடாது என்பதை மூக்கு முடிவுசெய்வதில்லை.

மாட்டுங்காவைக் குறிப்பிட்டது வசைக்காக மட்டும் அன்று. அங்கேயுள்ள பழைய பாலக்காட்டு, தஞ்சாவூர்க் குடும்பங்களின் மாடிகளில் கோடைக்காலத்தில் இலை வடாம் காயும். அரிசி மாவை இலையில் மெல்லியதாகத் தேய்த்து, ஆவியில் வேகவைத்து, உரித்து வெயிலில் போடுவார்கள். வியட்நாமின் ‘பான் ட்ராங்’ எனப்படும் அரிசித்தாளும் அப்படியே: மாவைத் துணிமேல் தேய்த்து ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் உலர்த்துவது. நாம் அதைப் பொரிக்கிறோம். அவர்கள் நீரில் நனைத்துச் சுருட்டுகிறார்கள். ‘பான் ஹோய்’ என்னும் நூலிழைச் சேவைக் கட்டைப் பார்க்கும் எந்தத் தமிழரும் அதை இடியாப்பம் என்றே அழைப்பார். ஆக, ஒரு வியட்நாமிய உணவுத்தட்டில் மாட்டுங்காவின் வடாமும் தாராவியின் நெத்திலியும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. மும்பைத் தமிழர் வாழ்வில் அவை அவ்வளவு எளிதாக ஒரே தட்டில் அமர்ந்ததில்லை. புதிய சமையல் குறிப்புகள் வடாமை வைத்துக்கொண்டு நெத்திலியை நீக்குவதைத் தற்செயல் என்று நம்ப என்னால் இயலவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. வியட்நாமிலேயே சைவச் சமையல் இருக்கிறது. ‘சாய்’ எனப்படும் பௌத்த உணவு மரபு அது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பலர் புலால் தவிர்ப்பார்கள். அதற்கென்று மீனில்லாத சாஸும் விற்கிறது. அதைச் சமைப்பவரோடு எனக்குப் பிணக்கில்லை; காளானும் சோயாக்கட்டியும் இட்ட அவ்வுணவு சுவையானது. ஆனால் ‘சாய்’ தன்னை ‘சாய்’ என்றே சொல்லிக்கொள்கிறது. தான் விலக்கியது எது என்பதை அது அறியும். இரண்டு நாள் விலக்கியவர் மூன்றாம் நாள் மீனுக்குத் திரும்புவார். பக்கத்து வீட்டுக்காரர் விலக்க வேண்டும் என்று கேட்பதில்லை. நோன்பு வேறு, தீண்டாமை வேறு.

2016 மே மாதத்தில் ஒபாமாவும் ஆந்தனி போர்டேனும் ஹனோயின் எளிய கடையொன்றில் நெகிழி முக்காலிகளில் அமர்ந்து ‘பூன் சா’ உண்ட படத்தை நம் உணவு ஆர்வலர்கள் இன்னும் பகிர்ந்துவருகிறார்கள். அவர்கள் முன் இருந்த கிண்ணத்தில் சுட்ட பன்றி இறைச்சி மிதந்தது எதில் என்று எண்ணுகிறீர்கள்? நீர் கலந்த நுவொக் மாமில்.

இனி, எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு கூட்டத்தாருக்கும் சில சொற்கள். இத்தகைய ஒப்புமைகளைச் சொன்ன மறுகணமே ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று சோழர் கொடியை ஏற்றிவிடுவோர் அவர்கள். அரிசியும் கடலும் வெயிலும் உள்ள இரு நிலங்கள் ஒரே வகைப் பண்டங்களைக் கண்டறிய எந்தப் பேரரசும் தேவையில்லை. உண்மையாகவே நம்மிடமிருந்து போனது ஒன்று உண்டு: ‘கா ரி’ என்னும் சொல். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் வள்ளிக்கிழங்கும் இட்ட கோழிக்கறியை அவர்கள் அப்படி அழைக்கிறார்கள்; ரொட்டியோடு உண்கிறார்கள். அது போன வழி பெருமைக்குரிய போர்க்கப்பல் வழியன்று. பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் சைகோனுக்குச் சென்ற செட்டியார்களின் வட்டிக்கடைகளும், புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்த எழுத்தர், காவலர், சுங்கப் பணியாளரின் குடியிருப்புகளுமே அதன் வழி. அங்கே நம்மவரைச் சுட்டிய சொல் ‘சா வா’. சாவகத்தின் பெயரை ஒட்டுமொத்தமாக நம்மேலும் ஒட்டினார்கள். கடன்காரனின் பெயரில் அன்பு எதிர்பார்க்க முடியாது. அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் தெண்டாயுதபாணி கோயிலும் இன்றும் ஹோ சி மின் நகரில் நிற்கின்றன. கும்பிடுவோரில் பெரும்பாலோர் அந்நாட்டவரே.

அதைவிட எனக்கு முதன்மையாகப் படுவது திரும்பி வந்தவர்களின் கதை. 1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: பிரெஞ்சிந்தியர் தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்தால் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். அப்படித் துறந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவரும். புதிய குடும்பப் பெயர் பூண்டு, சைகோனில் பணிபுரிந்து, சிலர் அங்கேயே மணந்து, இந்தோசீனப் போர்களின் காலத்தில் வியட்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் புதுவைக்குத் திரும்பினார்கள். தமிழ்நிலத்தில் மீன் சாஸ் மணத்த முதல் அடுக்களைகளில் அவர்களுடையவையும் அடங்கும். புதுவையில் இன்றும் பொரித்த சுருளுக்குச் ‘சாயோ’ என்ற பெயர் உண்டு. ஹனோய்க்காரர் அதே பண்டத்தை ‘நெம்’ என்பார்கள். ‘சா யோ’ தெற்கின் சொல், தெற்கின் உச்சரிப்பு. ஹனோயில் அதன் இரண்டாம் சொல்லின் முதலெழுத்து ‘ஸ’போல அதிர்ந்து ஒலிக்கும், சைகோனில் ‘ய’. ஒரு பாட்டி எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினாள் என்பதை அந்த ஒரு யகரம் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே, வியட்நாம் உணவைத் தமிழர் ‘இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள்’ என்பது பொய். சாதியைச் சட்டப்படி துறந்த சிலரின் வீடுகளில் அது முன்பே வந்து சேர்ந்திருந்தது. நாம் அந்த வீடுகளுக்கு விருந்துக்குப் போகவில்லை.

‘ஃபோ’வைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. அது மாட்டெலும்பின் சாறு. மகாராட்டிரத்தில் 2015-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் காளையையும் எருதையும் அறுக்கத் தடை விதித்தது, எருமைக்குத் தடையில்லை. ஆகவே இந்நகரில் நேர்மையான ‘ஃபோ’ எருமை எலும்பில்தான் கிடைக்கும். நட்சத்திர அன்னாசிப்பூவும் பட்டையும் சுட்ட இஞ்சியும் இட்டு நான்கைந்து மணிநேரம் கொதித்த அந்தச் சாறு அருமையாகவே இருக்கிறது. அந்த எலும்பை எங்கே வாங்குவது என்று தாராவிக்காரரைக் கேளுங்கள். உணவு வலைப்பதிவரைக் கேட்காதீர்கள்.

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022-இல் முடிந்தது. அடுக்குமாடிகளின் வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. கருவாடு காயும் இடம் எது என்று அவற்றில் தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை. நாளை அக்கட்டடங்களின் சங்கங்களும் விதிகள் எழுதும். அவ்விதிகளை எழுதப்போகும் மூக்கைப் பற்றியே நான் இவ்வளவும் பேசுகிறேன்.

சமைக்க விரும்புவோர் ‘பான் செயோ’விலிருந்து தொடங்கலாம். ‘செயோ’ என்பது மாவு கல்லில் விழும் ஓசை. நாம் ‘சொய்’ என்போமே, அது. பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் தேங்காய்ப்பாலும் கலந்து நீர்க்கக் கரையுங்கள், புளிக்கவைக்கத் தேவையில்லை. தோசைக்கல் நன்கு காய்ந்தபின் மெல்லியதாக ஊற்றி, இறாலும் முளைப்பயறும் தூவி, ஓரம் முறுகியதும் மடியுங்கள். கீரை இலையில் புதினா, கொத்தமல்லியோடு சுற்றிக் கையால் உண்ண வேண்டும். எலுமிச்சைப்புல் வேண்டுமெனில் சந்தையில் ‘கவ்தி சஹா’ என்று கேளுங்கள். தேநீருக்காகக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

தொட்டுக்கொள்ளும் சாறுதான் உயிர். ஒரு பங்கு நுவொக் மாம், ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, நான்கு பங்கு வெந்நீர். முதலில் வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து ஆறவிட்டு மற்றவற்றைச் சேருங்கள். நசுக்கிய பூண்டையும் மிளகாயையும் கடைசியாக இட்டால் அவை மேலே மிதக்கும். புட்டியைத் திறந்தபோது வீசிய வாடை எலுமிச்சை பட்டதும் அடங்கிவிடும். அடங்கும்வரை சன்னலை மூட வேண்டாம்.