பிறர் பெயரில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

திருநாவுக்கரசரைச் சைவத்துக்கு மீட்ட ஊராகவே திருவதிகையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே அங்கே ஒரு பணி நடந்துவந்தது. அவருடைய தமக்கை திலகவதியார் விடியுமுன் வீரட்டானத்துக்குச் சென்று அலகிட்டார், மெழுகினார். பார்க்க ஆளில்லாத நேரத்துப் பணி அது.

பெரியபுராணத்தின் அப்பூதியடிகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார். திங்களூர்ப் பக்கம் தாம் வைத்த தண்ணீர்ப்பந்தலுக்கு, அதுவரை நேரில் கண்டிராத நாவுக்கரசரின் பெயரை இட்டார். அவ்வழி வந்த நாவுக்கரசரே, உம் பெயரை ஏன் இடவில்லை என்று வினவ, வந்தவர் யாரென்றறியாமல் சினந்தார்.

நம் இளைஞர்களுக்கு நாம் கற்பிப்பதோ வேறு. ஓர் அரிசிப் பையைப் பத்துக் கைகள் பற்றி நிற்கும் புகைப்படம் நமக்குப் பழகிவிட்டது. 2004இல் ஆழிப்பேரலை, 2011இல் தானே புயல் எனக் கடலூர் மாவட்டம் கையேந்த நேர்ந்த நாள்கள் உண்டு. வாங்கும் கையின் கூச்சத்தை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

மறைவாக அறம் செய்க என்பது மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தின் போதனை. தேவாலய இளைஞர் குழுவை நடத்துவோருக்கும், உழவாரப் பணிக்கும் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் நம் போன்றோருக்கும் இது பொது.

கணக்கு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கட்டும். பெற்றவர் முகம் அதற்குச் சான்றாக வேண்டாம். ஒரு மூதாட்டியின் வாசலில் விறகை அடுக்கிவிட்டு, அவர் கதவைத் திறக்குமுன் திரும்பிவிடும் இளைஞன், பாராட்டின்றியும் நல்லவனாக இருக்கப் பழகுகிறான். அவனை அப்படிப் பழக்க விரும்பினால், பதாகையிலிருந்து முதலில் நீங்க வேண்டியது வழிநடத்தும் நம் பெயர்தான்.