வயித்த வலிக்குது டீச்சர்

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு பேருந்து நிறுத்தத்தில் நின்று 'கவுன்சலிங்' என்று சொன்னால், "எந்தக் காலேஜ் கெடச்சுச்சு?" என்றுதான் கேட்பார்கள். 1997-இல் பொறியியல் படிப்புக்கு ஒற்றைச் சாளர முறை வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள். வாத்தியார் வீடென்றால் இடமாறுதல் கவுன்சலிங். மனசு கனத்துப்போன பிள்ளை ஒன்று பேச, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது என்ற பொருள் கரிசல் காட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு 'உளவளத்துணை' என்றும் 'ஆற்றுப்படுத்தல்' என்றும் நல்ல தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன. போரின் நடுவே அங்கே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் உடன் நின்றவர்களும் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சொல் வேர்விட்டதில் அந்த வேலைக்கும் பங்கு உண்டு.

இந்தப் பக்கமும் துயரத்துக்குக் குறைவில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர், 2018-இல் 97.05 சதவீதம். அந்தப் பெருமை நியாயமானது, ஆசிரியர்கள் உழைத்துச் சம்பாதித்தது. ஆனால் இதே மாவட்டத்தில் 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். இப்படி அப்பாவையோ அம்மாவையோ வெடிவிபத்தில் இழக்கும் பிள்ளை, காரியம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே அந்தப் பிள்ளையோடு யார் பேசுவது?

வகுப்பாசிரியர் பேசுவார் என்பதே வழக்கமான பதில். பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அந்த வழியில் போய்ப் பார்த்தது. ஸ்ரீகலா பரத்தும் கிஷோர் குமாரும் கர்நாடகத்தில் ஆசிரியர்களைக் கொண்டே வாழ்க்கைத் திறன் பாடங்களை நடத்தி, பிள்ளைகளின் தன்மதிப்பும் சமாளிக்கும் திறனும் கூடியதாக 2010-இல் எழுதினார்கள். பிறகு பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 'சேஹர்' ஆய்வு நடந்தது. சச்சின் ஷிண்டே, விக்ரம் படேல் குழுவினர் 74 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் பிள்ளைகளின் மனநலப் பணியை ஆசிரியரே செய்தார். இன்னொரு பங்கில் பள்ளிக்கு ஒருவராக, உளவியல் பட்டம் இல்லாத ஆட்களைப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள், பெயர் 'மித்ரா'. மூன்றாவதில் இரண்டும் இல்லை.

2018-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன; பள்ளியே இணக்கமான இடமானது. ஆசிரியரிடம் விட்ட பள்ளிகளில் அப்படி ஒரு பலனும் தெரியவில்லை. இதற்காக ஆசிரியரைக் குறை சொல்வது பெரும் பிழை. பாடம், வருகைப் பதிவு, தேர்தல் வேலை, விலையில்லாப் பொருள் கணக்கு எல்லாம் பார்க்கும் ஒருவர் தலையில் இதையும் ஏற்றினால் எது நடக்கும்? தவிர, மதிப்பெண் போடும் கையிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

மித்ராவின் கருவிகளும் எளியவை. ஒரு சுவர்ப் பத்திரிகை, குழுக் கூட்டங்கள், தனியே பேச நேரம், பெயர் எழுதாமல் சீட்டுப் போட ஒரு பெட்டி.

எளிமை என்றதும் பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆலோசகர்களை உருவாக்கும் வகுப்புகளில் மூன்று பேராக உட்கார வைப்பார்கள்: ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனித்துக் குறிக்க வேண்டும். புதிதாக வருபவர் மூன்றாம் நிமிடமே "அப்பா அம்மா படுற கஷ்டத்த நெனச்சுப் பாருப்பா" என்று தொடங்கிவிடுவார். நம் ஊரில் அக்கறை புத்திமதியாகத்தான் வெளியே வரும். அதை அடக்கிக்கொண்டு, எதிரே இருப்பவர் அழுது முடிக்கும்வரை சும்மா இருக்கப் பழகுவதே முதல் பாடம். 1940-களிலேயே அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஆலோசனை உரையாடல்களை இசைத்தட்டில் பதிந்து வரிக்கு வரி ஆராய்ந்தார். தான் பேசியதைத் தானே திரும்பக் கேட்கும்போதுதான் எங்கே குறுக்கே விழுந்தோம் என்று தெரிகிறது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளை "மனச்சோர்வாக இருக்கிறது" என்று சொல்லாது. "வயித்த வலிக்குது டீச்சர்" என்று சொல்லும். "ஒரு மாதிரியா வருது" என்று சொல்லும். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் அமெரிக்காவில் உருவானது. நாலந்தாவிலும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தப் படிவத்தோடு நின்றுவிடாமல், அந்த வயிற்றுவலியைக் காது கொடுத்துக் கேட்டு, கரிசல் பேச்சிலேயே கேள்விகளை உருவாக்கி, பள்ளி பள்ளியாகப் போய்ச் சரிபார்க்க ஒருவருக்கு ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். முனைவர் பட்டத்துக்கு இதைவிடத் தகுதியான தலைப்பு வேண்டியதில்லை.

படிக்க இடம் இல்லாமல் இல்லை. என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டுதல், ஆலோசனைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. திண்டுக்கல் நொச்சியோடைப்பட்டி அனுகிரகாவில் கப்புச்சின் துறவி டி. ஜான் ஆன்டனி ஆலோசகர்களைப் பயிற்றுவித்து, பாட நூல்களும் எழுதினார். மதுரையில் மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. படித்து முடித்தவர்கள் போய்ச் சேரத்தான் பள்ளியில் நாற்காலி இல்லை. பள்ளி மாணவர்களுக்கென்று அரசு நடமாடும் ஆலோசனை மையங்களைத் தொடங்கியபோது, மொத்த மாநிலத்துக்கும் 10 வண்டிகள். 2018-இல் 14417 என்ற உதவி எண் வந்தது. நல்ல காரியம்தான், ஆனால் போன் அப்பா சட்டைப்பையில் இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளை எங்கே நின்று பேசும்?

எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்து வளர்ந்த ஊர் மல்லாங்கிணறு. 2006 முதல் 2011 வரை பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசுவின் ஊரும் இதுவே. பள்ளிக்கு ஒரு மித்ரா என்பதை இங்கே தொடங்கலாம். மதுரைக்கு பஸ் ஏறிப் போய் உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு, ஜவுளிக்கடையிலும் சுய உதவிக் குழுக் கடன் வசூலிலும் வேலை பார்க்கும் பெண்கள் இந்தச் சுற்றுப்பட்டில் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் வயித்த வலிக்குது என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், சனிக்கிழமை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.