அடிப்படைப் புள்ளியியல் பாடக்குறைப்பு: சங்கத்தின் நிலைப்பாடு

நலவாழ்வு ஆய்வுமுறைப் பாடத்தில் அடிப்படைப் புள்ளியியலை மென்பொருள் பயிற்சியாகச் சுருக்கும் முன்மொழிவை உறுப்பினர்கள் அறிவார்கள். வளைகுடாவில் புலம்பெயர் தொழிலாளர்களின் இறப்புக் கணக்கைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடும் திருத்தமும் இப்போது அதில் சேர்ந்துவிட்டது. ஆகவே இந்த அறிக்கை.

1. மென்பொருள் பயிற்சியைச் சங்கம் எதிர்க்கவில்லை. பாட நேரத்தை அந்தந்தக் கல்லூரி சூழலுக்கேற்ப முடிவு செய்யலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து.

2. மாதிரி அளவு, பி மதிப்பு, நம்பக இடைவெளி ஆகியவற்றைக் கற்பிக்கும் வரிசை துணைக்குழுவின் பரிசீலனைக்கு விடப்படுகிறது.

3. இறப்புக் கணக்கை நீக்குவதை ஏற்க இயலாது.

கத்தாரில் பத்தாண்டுகளில் தெற்காசியாவின் ஐந்து நாட்டவர் 6,500-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் எழுதியது. அவர்களில் இந்தியர் 2,711, இலங்கையர் 557. பலர் இதை விளையாட்டரங்கக் கட்டுமானச் சாவுகள் என்றே பரப்பினார்கள். அந்த எண்ணில் எல்லா வகை வேலைகளையும் செய்தவர்கள் இருந்தார்கள். இது தொகுதியை, அதாவது பின்னத்தின் மேல் எண்ணை, புரிந்துகொள்ளாத பிழை.

இவ்வளவு பெரிய மக்கள்தொகைக்கு இது எதிர்பார்க்கக்கூடிய அளவே என்றது கத்தார் அரசு. அப்படியானால் பகுதியில், அதாவது பின்னத்தின் கீழ் எண்ணில், இருப்பவர்கள் யார்? ஊரிலேயே ‘மெடிக்கல்’ முடித்து, எக்ஸ்ரேயிலும் ரத்தப் பரிசோதனையிலும் தேறியவர்கள். பெரும்பாலும் இளைஞர்கள். நோயுள்ளவர்கள் விமானம் ஏறும் முன்பே கழிக்கப்பட்டுவிட்டார்கள். எனவே இவர்களின் இறப்பு வீதம் ஊரில் இருக்கும் அதே வயதினரின் வீதத்தைவிடக் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? வயதைச் சீராக்கவும் இந்த வடிகட்டலைக் கணக்கில் எடுக்கவும் தெரியாத மாணவர், ‘எதிர்பார்த்த அளவு’ என்ற சொல்லைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வார்.

அடுத்தது, இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் கட்டம். அந்த இந்தியர்களின் சாவுகளில் சுமார் 80 விழுக்காடு ‘இயற்கை மரணம்’ என்று பதிவாகியிருந்தது. இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று எழுதுவது காரணமா? இறந்த எல்லோருக்கும் அவை நின்றவைதான்! இறக்கும் விதத்தைக் காரணமாக எழுதக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் விதி. திடீர் மரணங்களில் பிணக்கூறாய்வு வேண்டும் என்று கத்தார் அரசே கேட்டு வாங்கிய அறிக்கை 2014-இல் பரிந்துரைத்தது. 2009 முதல் 2017 வரை அங்கு இதய நோயால் இறந்ததாகப் பதிவான நேபாளிகள் 571 பேர். வெப்பத்திலிருந்து காத்திருந்தால் அவர்களில் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என 2019-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ‘இயற்கை’ என்று எழுதி மூடிய கோப்பிலிருந்து இப்படி ஒரு கேள்வி எழவே எழாது.

எந்த மென்பொருளும் அந்தக் கட்டத்தைச் சந்தேகிக்காது. உள்ளிட்டதைச் சராசரியாக்கித் தரும். சந்தேகிக்க வேண்டியவர் மாணவர். பெட்டியில் மகனைப் பெற்றுக்கொண்ட தாய்க்கு அவன் எதனால் இறந்தான் என்று சொல்லக் கடமைப்பட்ட துறை இது.

ஆகவே, தொகுதி, பகுதி, இறப்புக் காரணம் ஆகிய மூன்றும் முதல் வகுப்பிலேயே, பெயர்கள் நீக்கிய வளைகுடாத் தரவைக் கொண்டு கற்பிக்கப்பட வேண்டும். இந்த வரியில் மட்டும் ‘சூழலுக்கேற்ப’ என்ற சொல்லைச் சேர்க்கச் செயற்குழு உடன்படவில்லை.