“ஓட்டை எதுவும் இல்லை” – இதற்கு யார் பொறுப்பு?

ரயில் டிக்கெட் முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை இன்று எல்லாமே மென்பொருளில் ஓடுகின்றன. அதில் ஓட்டை இருந்தால் திருடன் நுழைவான். நஷ்டம் சாதாரண மக்களின் தலையில் விழும். ஆகவேதான் கண்டுபிடித்த ஓட்டை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கும் பொதுப் பதிவேடுகள் இருக்கின்றன. 1999-ல் துவங்கிய சி.வி.இ. பட்டியல் இவற்றில் முதன்மையானது.

இந்தப் பதிவேடுகளைப் புரட்டும் வேலை இப்பொழுது செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகளிடம் ஒப்படைக்கப்படுகிறது. இட்ட வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் புரோகிராம்தான் ஏஜெண்டு. அதற்கு ஒரு தேடும் கருவியைக் கொடுக்கிறார்கள்; கருவியோடு ஒரு விளக்கக் குறிப்பையும் கொடுக்கிறார்கள். குறிப்பு எழுதுவது அற்ப வேலை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது பெரும் தவறு என்கிறோம் நாம்.

ஏன்? குறிப்பில் இல்லாத விஷயத்தைத் தொழிலாளி பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டறிவார். ஏஜெண்டு பெரும்பாலும் கேட்பதில்லை. இல்லாததைத் தானாகவே இட்டு நிரப்பிவிடும்.

“இல்லை” வேறு, “தெரியவில்லை” வேறு

அமெரிக்க சர்க்காரின் என்.வி.டி. பதிவேட்டில் நடந்ததைப் பாருங்கள். எந்த ஓட்டை எந்த மென்பொருளைச் சேர்ந்தது, எவ்வளவு ஆபத்தானது என்று ஆராய்ந்து குறிப்பது அதன் வேலை. 2024 பிப்ரவரியில் அந்த வேலை தேங்கியது; ஆயிரக்கணக்கான பதிவுகள் ஆராயப்படாமல் குவிந்தன. ஓட்டை பட்டியலில் இருக்கிறது. மென்பொருளின் பெயர் மட்டும் அதனுடன் சேர்க்கப்படவில்லை. பெயரைக் கொண்டு தேடும் கருவி வெறுங்கையோடு திரும்பும். ஏஜெண்டோ “ஓட்டை எதுவும் இல்லை” என்று அறிக்கை எழுதிவிடும்! தேடியும் கிடைக்காததை, இல்லவே இல்லை என்று சொல்வது நியாயமா?

2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை உலகையே உலுக்கியது. 2.15.0 பதிப்பு அதை அடைத்துவிட்டது என்றார்கள். சில நாட்களுக்குள்ளேயே அந்த அடைப்பு முழுமையானதல்ல என்று தெரிந்து, இன்னொரு எண்ணில் புதுப் பதிவு ஏறியது. திங்கட்கிழமை சரியாக இருந்த பதில் வியாழக்கிழமை தவறாகலாம். தேதியில்லாத பதில் ஆபத்தான பதில்.

குறிப்பில் இருக்க வேண்டியவை

எனவே கருவியைச் செய்வோரிடம் நாம் கேட்பவை இவை:

1. எந்தெந்தப் பதிவேடுகளில் தேடுகிறது, அவை கடைசியாக எப்பொழுது புதுப்பிக்கப்பட்டன என்று சொல்லுங்கள்.

2. “கிடைத்தது”, “தேடியும் கிடைக்கவில்லை”, “தேடவே முடியவில்லை” – இம்மூன்றையும் தனித்தனிப் பதில்களாகக் கொடுங்கள்.

3. மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் காட்டுங்கள். சரியான உதாரணம் மட்டும் போதாது, தவறானதும் வேண்டும்.

4. பதிவேட்டில் யாரோ எழுதிய வாசகம் வெறும் தகவலே, அது ஏஜெண்டுக்கு இடும் கட்டளை அல்ல என்று திட்டவட்டமாக எழுதுங்கள். தகவலுக்குள் கட்டளையை ஒளித்துவைத்து ஏஜெண்டை ஏமாற்ற முடியும்.

5. முடிவான தீர்ப்பை மனிதரிடம் விடுங்கள்.

இதெல்லாம் காலதாமதம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். வேகம் வேண்டும்தான், ஆயிரம் பதிவுகளை நொடியில் புரட்டும் கருவியை நாமும் வரவேற்கிறோம். ஆனால் கொள்ளை நடந்த பிறகு விசாரணைக்கு இழுக்கப்படுவது ஏஜெண்டு அல்ல. அதன் அறிக்கையை நம்பிக் கையெழுத்திட்ட இரவு ஷிப்ட் ஊழியர்தான். குறிப்பில் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு அவர் பலியாகலாமா?

பதிவேடு பொதுச் சொத்து

இன்னொன்றும் உண்டு. 2025 ஏப்ரலில் சி.வி.இ. பட்டியலை நடத்துவதற்கான அமெரிக்க சர்க்கார் ஒப்பந்தம் முடியும் தறுவாய்க்கு வந்தது. கடைசி நேரத்தில்தான் 11 மாதங்களுக்கு நீட்டினார்கள். உலகம் முழுவதும் நம்பியிருக்கும் பதிவேடு, ஒரு நாட்டின் ஒரே ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது! மறு மாதமே ஐரோப்பிய யூனியன் தனது சொந்தப் பதிவேட்டைத் திறந்தது. பதிவேடு நின்றால் கருவி குருடு, குறிப்பு வெறுங்காகிதம்.

பதிவேடு பொதுச் சொத்தாக நிலைக்க வேண்டும். அதைத் தேடும் கருவி தன் எல்லையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லத் தெரிந்த கருவியையே மக்கள் நம்பலாம்.