நியூயார்க் போலீஸின் மாமூல் கணக்கு

குற்றவாளியைத் தப்ப விடுவதற்காகப் போலீஸ்காரர் பணம் வாங்குவது ஒரு பாவம். குற்றமே செய்யாதவரிடம் போய், "பணம் கொடு, இல்லாவிட்டால் உன்னைக் குற்றவாளியாக்கி விடுவேன்" என்று மிரட்டுவது அதைவிடக் கொடிய பாவம். முதலாவதைச் சகித்துக்கொள்ளும் ஊரில் இரண்டாவதும் வந்து சேரும். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1894ம் ஆண்டு நடந்த லெக்ஸோ கமிட்டி விசாரணை இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி ருசுப்படுத்தியது.

அந்நாளில் அந்நகரம் 'டாமனி ஹால்' என்ற அரசியல் கோஷ்டியின் பிடியில் இருந்தது. 1892 பிப்ரவரியில் சார்லஸ் பார்க்ஹர்ஸ்ட் என்ற பாதிரியார், போலீஸாரும் நகர ஆட்சியினரும் விபசாரத்துக்கும் சூதாட்டத்துக்கும் காவல் நிற்கிறார்கள் என்று தமது பிரசங்க மேடையிலிருந்தே சாடினார். "அத்தாட்சி எங்கே?" என்று கேட்டது கிராண்ட் ஜூரி. பத்திரிகைச் செய்திகளைத் தவிர அவர் கையில் ஒன்றுமில்லை. கண்டனந்தான் கிடைத்தது. மனிதர் அதோடு ஒதுங்கிவிடவில்லை. மாறுவேஷம் பூண்டு, கூலிக்கு ஒரு துப்பறிவாளரை அமர்த்திக்கொண்டு, இரவு நேரங்களில் மதுக்கடைகளுக்கும் விபசார விடுதிகளுக்கும் போய் வந்தார். மறு மாதமே பிரமாணப் பத்திரங்களுடன் மேடை ஏறினார்!

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ராஜ்ய செனட் சபை, கிளாரன்ஸ் லெக்ஸோ என்ற அங்கத்தினர் தலைமையில் விசாரணைக் கமிட்டி நியமித்தது. செலவுக்குப் பணம் ஒதுக்க மறுத்தார் கவர்னர். வர்த்தகர் சங்கத்தார் பணம் கொடுத்து உதவினார்கள். 678 பேர் சாட்சி சொன்னார்கள். சாட்சியம் 10,000 பக்கங்களுக்கு மேல் போயிற்று.

அதில் வெளிவந்த விலைப்பட்டியலைப் பாருங்கள். சாதாரணப் போலீஸ்காரராகச் சேர 300 டாலர். காப்டன் பதவிக்கு 15,000 டாலர். டிமதி கிரீடன் என்ற காப்டன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவர். ஆயினும் பணம் கொடுத்த பிறகுதான் பதவி கிடைத்தது. முதலில் மறுத்த அவர், பிறகு உண்மையை ஒப்புக்கொண்டார். காப்டனின் சம்பளமோ வருஷத்துக்கு 2,750 டாலர். ஐந்து வருஷச் சம்பளத்துக்கும் மேலாகக் கொட்டிக் கொடுத்தவர், போட்ட முதலை எங்கிருந்து எடுப்பார்? விபசார விடுதிகள் மாதாமாதம் கப்பம் கட்டின. புதிய காப்டன் வந்தால் 'பிரவேசக் கட்டணம்' தனி. அது 500 டாலர். நம் ஊரில் 'மாமூல்' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவோம்.

அலெக்ஸாண்டர் வில்லியம்ஸ் என்ற இன்ஸ்பெக்டருக்குச் சொந்த மாளிகையும் உல்லாசப் படகும் இருந்தன. பணம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, ஜப்பானில் மனை வாங்கி விற்றதாகச் சொன்னார். ஜப்பான் தூரதேசம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

இவற்றையெல்லாம் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சுவையாக எழுதின. ஆனால் நம் மனத்தை உறுத்துவது வேறொரு சாட்சியம். ருஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூத விதவை ஒருத்தி, குழந்தைகளை வைத்துக்கொண்டு சிறு வியாபாரம் செய்து பிழைத்து வந்தாள். துப்பறியும் போலீஸார் பணம் கேட்டார்கள். தவறு எதுவும் செய்யாத நான் ஏன் கொடுக்க வேண்டும் என்றாள். விபசார விடுதி நடத்துகிறாள் என்று வழக்கு ஜோடிக்கப்பட்டது. குழந்தைகள் அவளிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். உண்மையிலேயே விடுதி நடத்தியவள் கப்பம் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தாள். கட்ட மறுத்தவள் விபசாரி என்று பெயர் வாங்கினாள்.

கமிட்டியின் பயனாக 1894 நவம்பர் தேர்தலில் டாமனி கோஷ்டி தோற்றது. மறு ஆண்டு போலீஸ் நிர்வாக போர்டின் தலைவராக வந்தார் தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் ஜனாதிபதியானவர். நள்ளிரவில் தெருத்தெருவாக நடந்து, தூங்கும் போலீஸ்காரர்களைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை திறக்கக் கூடாது என்ற சட்டத்தை எழுத்துக்கு எழுத்து அமல் நடத்தினார். பக்கவாசலைத் திறந்து வைப்பதற்கு வாங்கிய லஞ்சம் அப்போதுதான் ஒழியும் என்பது அவர் வாதம். வாதம் நியாயமே. ஆனால் வாரத்தில் ஒரே நாள் ஓய்வுள்ள தொழிலாளிகள் கொதித்தார்கள். 1896ல் வந்த ரெயின்ஸ் சட்டமோ, பத்து அறைகளுள்ள ஹோட்டலில் ஞாயிறன்று உணவுடன் மது கொடுக்கலாம் என்றது. உடனே மதுக்கடைக்காரர்கள் மாடியில் பத்துத் தடுப்புகள் போட்டு 'ஹோட்டல்' ஆக்கினார்கள். யாரும் தின்னாத ஒரே காய்ந்த ரொட்டி மேஜைக்கு மேஜை போயிற்று. அறைகள் எதற்குப் பயன்பட்டன என்று சொல்ல வேண்டியதில்லை. விபசாரத்தை ஒடுக்கப் புறப்பட்டவர்களின் காலத்திலேயே அதற்குப் புதிய இடம் கிடைத்தது. 1897 தேர்தலில் டாமனி மீண்டும் வென்றது.

ஆள் மாறிற்று, பிறகு ஆட்சியும் மாறிற்று. ஆனால் ஒரு பெண்ணை விபசாரி என்று நிரூபிக்கப் போலீஸ்காரரின் வாய்ச்சொல் மட்டும் போதும் என்ற நிலையை யாரும் மாற்றவில்லை. நம் அபிப்பிராயத்தில் லெக்ஸோ கமிட்டிக்குப் பின் வந்தவர்கள் செய்த பெரும் பிழை இதுதான்.

36 ஆண்டுகள் கழிந்து, 1930ல், சாமுவேல் ஸீபரி என்ற முன்னாள் நீதிபதி அதே நகரின் மாஜிஸ்டிரேட் கோர்ட்டுகளை விசாரித்தார். போலீஸின் கையாள் ஒருவன் நோயாளி போல் ஒரு டாக்டரின் அறைக்குப் போவான். டாக்டர் இல்லாத நேரம். நர்ஸ் மட்டும் இருப்பாள். மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றுவான். அந்தச் சமயம் பார்த்து உள்ளே நுழைவார்கள் போலீஸார். நர்ஸ் மீது விபசார வழக்கு! ஜாமீன் தரகர், வக்கீல், போலீஸ், சர்க்கார் தரப்பு வழக்கறிஞர் ஆகியோர் பங்கு போட்டுக்கொள்ளப் பணம் கொடுத்தவள் வீடு திரும்பினாள். கொடுக்க வகையில்லாதவள் சிறைக்குப் போனாள். இந்தப் பெண்களை விசாரித்து வந்த ஜீன் நாரிஸ், அந்நகரின் முதல் பெண் மாஜிஸ்டிரேட். வழக்கு நடவடிக்கைக் குறிப்புகளைத் திருத்தினார் என்று வெளிப்பட்டு, 1931ல் அவரே பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.