யாருக்குக் கவுன்சலிங்?

கவுன்சலிங் என்ற சொல் தமிழ்நாட்டில் மூன்று இடத்தில் புழங்குகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு என்ஜினியரிங் சீட்டு ஒதுக்குகிற இடத்தில். சாதி விட்டுக் காதலித்த பெண்ணைக் கூட்டிவந்து உட்கார வைக்கிற காவல் நிலையத்தில். விடுதியில் ஒரு பையன் தூக்குப் போட்டுக்கொண்ட மறுநாள் கல்லூரியில். முதலாவதை விட்டுவிடலாம். மற்ற இரண்டுக்கும் ஆள் தயாரிப்பதுதான் என் வேலை. 19 வருஷமாக முதுகலை மாணவர்களுக்கு ஆலோசனை உளவியல் பாடம் எடுக்கிறேன். குடும்ப ஆலோசனை, பல்பண்பாட்டு ஆலோசனை என்ற இரண்டு தாளும் என் பொறுப்பு. சேரியிலிருந்து வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன்: இந்தத் துறை சாதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பல்பண்பாடு என்ற பெயர் வந்தபிறகு கொஞ்சம் மரியாதையோடு காப்பாற்றுகிறது.

கோபத்தில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபமும் இருக்கிறது, அது வேற.

இந்தப் பல்பண்பாடு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. ஆனால் அங்கே அதைப் பெற்றெடுத்தவர்கள் யார் என்பதை நம் பாடப்புத்தகம் சொல்லாது. 1965இல் மொய்னிஹன் என்ற அரசு அதிகாரி ஓர் அறிக்கை எழுதினார். கருப்பர்களின் வறுமைக்கும் துன்பத்துக்கும் நடுவே இருப்பது கருப்பர் குடும்பத்தின் சீர்குலைவு, பெண் தலைமையில் இருக்கிற குடும்ப அமைப்பு என்றார். அடிமைச் சந்தையில் புருஷனை ஒரு பக்கமும் பொண்டாட்டியை ஒரு பக்கமும் பிள்ளைகளை இன்னொரு பக்கமும் விற்ற நாட்டில், குடும்பம் சரியில்லை என்று கருப்பரைப் பார்த்துச் சொன்ன அறிக்கை அது. வில்லியம் ரையன் என்ற உளவியலாளர் 1971இல், பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்குவது என்று இதற்குப் பெயர் வைத்தார். அதற்கு முன்பே, 1968இல், கருப்பின உளவியலாளர்கள் வெள்ளையர் சங்கத்தை நம்பிப் பயனில்லை என்று தனிச் சங்கம் கட்டிவிட்டார்கள். கருப்புப் பிள்ளைகளை மந்தபுத்தி வகுப்பில் தள்ளுவதற்குப் பயன்பட்ட புத்திக்கூர்மைச் சோதனையை எதிர்த்தார்கள். கலிபோர்னியாவில் நீதிமன்றம் வரை போய் 1979இல் தீர்ப்பு வாங்கினார்கள். ஆலோசனைத் துறைக்குள்ளும் 1972இல் ஒரு சங்கம் உருவானது. அதன் பெயரிலேயே 'வெள்ளையரல்லாதார்' என்ற சொல் இருந்தது. 1985இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் 'பல்பண்பாடு' என்று மாற்றினார்கள்.

இந்தப் பெயர் மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளையரல்லாதார் என்று சொன்னால் எதிரே வெள்ளையன் நிற்கிறான். பல்பண்பாடு என்று சொன்னால் எதிரே யாருமில்லை. எல்லாரிடமும் ஒரு பண்பாடு, எல்லாம் மதிக்கத்தக்கவை, பொங்கலுக்கு ஒரு கோலம், கிறிஸ்துமசுக்கு ஒரு நட்சத்திரம். நம்ம ஊருக்குக் கப்பலேறி வந்தது இந்த இரண்டாவது பெயர்தான்.

வந்து என்ன ஆயிற்று? என் பாடத்திட்டத்தில் கருப்பர் குடும்பம், லத்தீன் அமெரிக்கர் குடும்பம், ஆசியர் குடும்பம் எல்லாம் தனித்தனி அலகுகளாக இருக்கின்றன. கடலூர் மாவட்டத்துப் பிள்ளை நியூயார்க் ஹார்லத்தைப் பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதும். அது அறிய வேண்டியதுதான். ஆனால் சாதி? 'இந்தியச் சமூகப் பன்மை' என்ற தலைப்பின்கீழ் மொழி, மதம், பிராந்தியம், உணவுப் பழக்கம் என்ற வரிசையில் அதுவும் ஒன்று. இட்லி, தோசை, சாதி.

சாதி ஒரு பண்பாடு என்று வைத்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக நடக்கும். ஏனென்றால் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்பது ஆலோசகரின் முதல் பாடம். என்னிடம் படித்த ஒரு மாணவி களப்பயிற்சிக்காக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். (1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதலாவது தொடங்கியபோது பெண்களுக்கான இடம் என்றுதான் நாமும் நம்பினோம்.) ஊர்ப்பெண், காலனிப் பையன். இருவரும் மேஜர். அவள் எழுதிய அறிக்கை இப்படி: பெண்ணின் குடும்பப் பிணைப்பு வலுவானது, பெண்ணிடம் உணர்ச்சி முதிர்ச்சி குறைவு, குடும்பத்தின் விழுமியங்களை மதித்து, அவசரப்பட வேண்டாம் என்று பெண்ணுக்கு எடுத்துரைக்கப்பட்டது. பையனைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்கே உட்கார்ந்திருந்தான் என்று கேட்டேன். "ரைட்டர் ரூமுக்கு வெளிய, தரையில மேடம்." வெளித்தேர்வாளர் அந்த அறிக்கைக்கு நூற்றுக்கு எண்பத்தாறு போட்டார்.

நம்ம ஜனங்க கவுன்சலிங் தேடி வருவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, இங்கிலீஷ் பேசுகிற அறையில் உட்கார யாரால் முடியும்? அவர்கள் அனுப்பப்படுகிறார்கள். ஸ்டேஷன் அனுப்புகிறது, குடும்ப நீதிமன்றம் அனுப்புகிறது, ஹெட்மாஸ்டர் அனுப்புகிறார். 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமே, முடிந்த இடத்தில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. சமரசம் நல்ல சொல்தான். எங்க ஆயா பாஷையில் அதற்கு 'வாய மூடிக்கிட்டுப் போ' என்று பெயர்.

குடும்ப ஆலோசனையில் ஒரு கருவி உண்டு, ஜீனோகிராம். மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்மேல் குறுக்குக்கோடு, சண்டைக்கு வளைந்து நெளிந்த கோடு, பேச்சுவார்த்தை அறுந்த உறவுக்கு வெட்டுப்பட்ட கோடு. மர்ரே போவன் என்பவரின் கோட்பாட்டிலிருந்து வளர்ந்தது. திரும்பத் திரும்ப வரும் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் இதன் வேலை. தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், மகன் குடிக்கிறான் என்றால் அது ஒரு வடிவம். நான் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் எல்லாரையும் அவரவர் குடும்பத்தை வரையச் சொல்வேன். சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிப்பார்கள், குடியைக் கண்டுபிடிப்பார்கள், தற்கொலையைக்கூட. மூன்று தலைமுறையில் நடந்த அத்தனை கல்யாணமும் ஒரே சாதிக்குள் நடந்திருக்கிறதே, இது திரும்பத் திரும்ப வரும் வடிவம் இல்லையா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அது இயற்கை. மழை பெய்கிற மாதிரி. ஒரே ஒரு அத்தை வெளியே போய்க் கட்டியிருப்பாள், வெட்டுப்பட்ட கோடு அவள்மேல் மட்டும் விழும். அவள்தான் 'பிரச்சனை'.

பிறகு சொல்வேன்: இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள், பிரசவம் பார்த்தவள், பறையடித்தவர், சாணி அள்ளியவள், இவர்களையும் வரையுங்கள், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தீர்கள் என்றும் குறியுங்கள். அதற்குக் குறியீடு இல்லையே மேடம் என்பார்கள். இல்லைதான். என்னுடைய தாளில் ஆயாவின் பிறந்த வருஷம் இல்லை, தாத்தாவின் அப்பா பெயரும் இல்லை. எந்த ஆண்டையிடம் வேலை பார்த்தார் என்பது மட்டும் தெரியும்.

1916இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் படித்த கட்டுரையில் இது இருக்கிறது. அகமணம்தான் சாதியின் உயிர், கல்யாணக் கதவைச் சாத்தி வைப்பதில்தான் சாதி வாழ்கிறது என்று அன்றைக்கே காட்டினார். 1936இல் லாகூர்க்காரர்கள் பேசவிடாமல் நிறுத்திய உரையிலும் கலப்பு மணத்தையே மருந்தாகச் சொன்னார். அப்படியானால் சாதியைப் பேசாமல் இந்த நாட்டில் குடும்ப ஆலோசனை என்று ஒன்றை எப்படி நடத்துகிறோம்? அந்தக் கட்டுரை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. சமூகவியல் துறையில் இருக்கிறதாம்.

'ஆலோசகர் நடுநிலையாக இருக்க வேண்டும், நீதிபதியாகக் கூடாது' என்று சொல்வார்கள். 1980இல் இத்தாலி மிலான் குழுவினர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நடுநிலை இருக்கிறது. குடும்பத்தில் நடப்பதற்கு ஒருவரைக் காரணம் சொல்லக்கூடாது, எல்லாரும் சேர்ந்து சுற்றுகிற வட்டம் அது என்ற பார்வை அன்றைக்குக் குடும்பச் சிகிச்சை முழுவதும் பரவியிருந்தது. புருஷன் அடிக்கிறான் என்றால் அவளும் அந்த வட்டத்தில் ஒரு பங்கு என்கிறீர்களா என்று கேட்டு, பெண்ணியவாதிகள் அதே 80களில் அதைக் கிழித்துப் போட்டார்கள். அந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். பெண்ணின் தகப்பன், சகோதரன், போலீஸ்காரர்கள் உட்பட 13 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2021 ஆனது. இதில் வட்டம் எங்கே இருக்கிறது? 2012 நவம்பரில் தருமபுரியில் மூன்று காலனிகளைக் கொளுத்தினார்கள். அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். நடுநிலையான ஆலோசகர் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்?

1851இல் அமெரிக்கத் தெற்கில் கார்ட்ரைட் என்ற டாக்டர் ஒரு புதிய மனநோயைக் கண்டுபிடித்தார். எஜமானை விட்டு ஓடிப்போக வேண்டும் என்ற ஆசை அடிமைக்கு வந்தால் அது நோய். தடுக்கும் மருந்து சவுக்கு. என் வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஓடிப்போன பெண்ணை மனநல மருத்துவரிடம் கொண்டுபோய் மாத்திரை எழுதி வாங்குகிற குடும்பங்களைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது. 2017 மனநலச் சட்டம், சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு விழுமியங்களுக்கு ஒருவர் கட்டுப்படவில்லை என்பதை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்றும் சாதியைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சட்டத்தில் இருக்கும் சொல் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆலோசனை யாருக்குத் தேவை என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் சரியாகத்தான் பார்த்தது. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்ற தீர்ப்பில், அவர்களுடைய பெற்றோருக்குக் கவுன்சலிங் தர வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு அல்ல, பெற்றோருக்கு. என் 19 வருஷத்தில் 'நான் சாதி பார்க்கிறேன், அதிலிருந்து வெளியே வர வேண்டும்' என்று ஒரு தகப்பனும் வந்ததில்லை. கூப்பிட்டால், "ஓடிப்போனது அவ, நான் எதுக்கு மேடம் வரணும்?" என்கிறார்கள். அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறவன் நலமாக இருக்கிறான், நடுங்கிக்கொண்டிருக்கிறவளுக்குச் சிகிச்சை!

இதைப் பேசினால் எனக்கு ஒரு நோய் இருப்பதாகச் சொல்வார்கள். ஆலோசகரின் சொந்தக் காயம் அவர் வேலைக்குள் கசிவதைக் 'கவுன்ட்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்பார்கள். துறைக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் ரொம்பக் கனிவாக, "நீங்க இந்த விஷயத்துல ரொம்ப இன்வால்வ் ஆகிடறீங்க, கொஞ்ச நாள் நீங்களே தெரபி எடுத்துக்கலாம்" என்றார். முதல் வகுப்பிலேயே சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று மாணவரிடம் விசாரிக்கிறவர் அவர். அவருடைய காயம் கசிவதில்லை போலும்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. நியூசிலாந்து வெலிங்டன் பக்கத்தில் லோயர் ஹட் என்ற ஊரில் ஒரு குடும்ப மையம். 1990இல் 'ஜஸ்ட் தெரபி' என்று தங்கள் முறையை எழுதினார்கள், நீதியான சிகிச்சை என்று பொருள். மவோரி, சமோவா, வெள்ளையர் என மூன்று பிரிவாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். பண்பாட்டு விஷயத்தில் வெள்ளைப் பிரிவினர் மற்ற இரு பிரிவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஆண்கள் பெண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நடுநிலை என்ற பேச்சே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதை என் வகுப்பில் செய்தேன். தலித் மாணவர்கள் தனியாக உட்கார்ந்து, ஊர் மாணவர்கள் எழுதிய களப்பயிற்சி அறிக்கைகளைப் படித்துக் கேள்வி கேட்டார்கள். பையன் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் ஏன் எழுதவில்லை? 'உணர்ச்சி முதிர்ச்சி குறைவு' என்பதை எதை வைத்துச் சொன்னாய்? சிலர் அழுதார்கள். ஒருத்தி தன் ஜீனோகிராமைத் திரும்ப வாங்கி மறுபடி வரைந்தாள். நான்காவது வாரம் மாணவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கிறேன் என்று புகார் போய், நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு வந்தது. கேன்டீனில் அவர்களே பிரிந்து உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்த எந்த உத்தரவும் வரவில்லை.

இப்போது பாடத்திட்டத்தை மாற்றுகிறார்கள். நான் சேர்த்திருந்த 'சாதியும் குடும்பமும்' என்ற அலகை எடுத்துவிட்டு 'பண்பாட்டுக் கூருணர்வு' என்று வைக்கலாம் என்பது வரைவு. 2021இல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துக்குள் ஆலோசகர்களும் வருகிறார்கள், அதனால் நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். இந்த வரைவில் நான் கையெழுத்துப் போடவில்லை. என் மறுப்பை நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூட்டக் குறிப்பில் அதைச் சேர்க்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பேன்.

ஆலோசனை உளவியலோ சமூகப்பணியோ படிக்கிற தலித் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் பாடத்திட்டத்தில் சாதி எந்த அலகில், எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்த்து இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். ஸ்டேஷன் களப்பயிற்சிக்குப் போனவர்கள் அங்கே யாரை நாற்காலியில் வைத்தார்கள், யாரைத் தரையில் வைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஊர், ஆள் பெயர் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு நான் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.