ஒதுக்கிவைத்தல் என்னும் நோய்

எயிட்ஸ் என்ற சொல்லை எமது கிராமங்களில் இன்றும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987ஆம் ஆண்டில். அதன்பின் மருத்துவம் வெகுதூரம் சென்றுவிட்டது. எமது மனமோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.

மருத்துவம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இக்கிருமி பாலுறவினாலும், இரத்தத்தினாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ தொற்றாது. 1996ஆம் ஆண்டளவில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபின், நீரிழிவைப்போல நாள்தோறும் குளிசை எடுத்துக் கட்டுப்படுத்தும் நோயாக இது மாறிவிட்டது. ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தப் பரிசோதனையிலே தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து அந்நிலை நீடித்தால், பாலுறவின் மூலமும் அது மற்றவருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது. அரசாங்கக் கிளினிக்குகளில் மருந்தும் இலவசம்.

அப்படியிருந்தும் சிலர் பரிசோதனைக்குப் போவதில்லை. போனவர்களிலும் சிலர் மருந்தை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். கிளினிக் வாசலில் யாராவது கண்டுவிட்டால் என்ற பயம் இதற்குப் பெரிய காரணம்.

அந்தப் பயம் வீணான பயமல்ல. 2016இல் குளியாப்பிட்டியில் நடந்ததை நாடே அறியும். தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற கதை ஊரில் பரவியது. ஆறு வயது மகனைப் பாடசாலையில் சேர்த்தபோது, மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை வெளியே எடுத்துவிட்டார்கள். அந்தச் சிறுவனுக்குத் தொற்றே இல்லை என்று வைத்திய அறிக்கை சொல்லியும் கேட்பாரில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. கிருமியில்லாத பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், கிருமியோடு வாழ்பவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்?

வெட்கம், குற்றவுணர்வு, நித்திரையின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை: இவை சேர்ந்து மனச்சோர்வாகின்றன. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரிடையே மனச்சோர்வு ஏனையோரிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. மனம் சோர்ந்தவர் குளிசையைத் தவறவிடுகிறார். தவறவிட்டால் கிருமி பெருகும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். ஊர்வாயில் தொடங்கிய நோய் இவ்வாறு உடம்பில் வந்து முடிகிறது.

இதனை விளங்கிக்கொள்ள எமக்கு வேறு பாடம் வேண்டியதில்லை. காணி, வயல், மாடு, மரியாதை என்று வாழ்ந்த மனிதர் இடம்பெயர்ந்ததும் "அகதி" என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கப்பட்டார். "முகாம் பிள்ளைகள்" என்று எமது பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்த கண்களை நாம் மறந்துவிடவில்லை. அந்தச் சொல் சுட்ட சூட்டை அறிந்த நாமே இன்னொருவரை ஒரு சொல்லால் சுடலாமா?

"ஒழுக்கம் கெட்டவர்களுக்குத்தானே இது வருகிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. பிரசங்க மேடைகளிலும் இதைப் பாவத்தின் தண்டனையாகப் பேசியவர்கள் உண்டு. கணவனிடமிருந்து தொற்றிய மனைவி செய்த குற்றம் என்ன? குழந்தை வைத்திய நிபுணர் கமலிகா அபேரத்ன, விபத்தில் காயமடைந்தபோது ஏற்றப்பட்ட இரத்தத்தினால் தொற்றுக்குள்ளானார். அதை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசி, 2004இல் இறக்கும்வரை இந்நோயாளருக்காக உழைத்தார். ஆனால், எந்த வழியால் வந்தது என்று விசாரிக்கும் உரிமையே எமக்கில்லை என்பதுதான் என் கருத்து. மலேரியாக் காய்ச்சலோடு படுத்தவரிடம், எங்கே போய் நுளம்புக்கடி வாங்கினாய் என்று நாம் கேட்டதில்லையே. கஞ்சி வைத்துக் கொடுத்தோம்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. ஒருவர் நம்பிச் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வேறு காதில் போடாதீர்கள். நாற்று நடவும் அறுவடைக்கும் வழமைபோல அவரைக் கூப்பிடுங்கள். அவர் வீட்டில் தேநீர் குடியுங்கள். கிளினிக் நாளில் துணைக்குப் போகக்கூடிய ஒருவராவது அவருக்கு இருக்கட்டும். மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்பிலும் சுகாதார உத்தியோகத்தர் ஒருவரை அழைத்து இவ்விடயத்தைப் பேசவையுங்கள். யாராவது மனமுடைந்து "இருந்தென்ன" என்று பேசத் தொடங்கினால் அதை அலட்சியம் செய்யவேண்டாம். வீட்டிலுள்ள கிருமிநாசினியைப் பூட்டி வையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

குளிசையை அரசாங்கம் தருகிறது. அதை விழுங்கி நாளைக்கும் எழும்பவேண்டும் என்ற மனத்தை அயலவர்தான் கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும் இழந்து வந்த காலத்தில் எம்மைத் தாங்கியதும் அயல்தான்.